புதுச்சேரியில் ஒரு டேங்க் பெட்ரோல்

காலை 5.40. விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. காரைப் பின்பக்கமாக எடுத்துத் தெருவில் நேராக நிறுத்துவதற்குள் நான்கு முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. கேட் ஓரம் நின்று என் கணவர் முருகேசன் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சு திரும்பிவிட்டது, நாக்கு மட்டும் சற்றுத் தடித்திருக்கிறது. கால், மெல்ல நடக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. கைதான் வரவில்லை. அந்த விடியலில் நான் பட்ட பாட்டைப் பார்த்தும் "ஒடிச்சுத் திருப்பு" என்றோ "போதும்" என்றோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இடது கையால் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"போலாமா?" என்றேன்.

"ம்."

திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய நூற்றைந்து கிலோமீட்டர். செஞ்சி, திண்டிவனம், கிளியனூர், அப்புறம் எல்லையில் கோரிமேடு. கோரிமேட்டில் பெரிய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை, இவரை அங்கே காட்ட வேண்டும்.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பயண நூல்களை அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துத் தேதி முத்திரை குத்துவது என் இருபது வருட வழக்கம். நானே போன பயணம் என்று சொல்லிக்கொள்ள அதிகமில்லை. இவருக்குத் தொழிலே ஊர் சுற்றுவது. விடுமுறை கிடைத்தால் ஸ்டீயரிங்கைத் தொட மனம் வராது. புதுச்சேரிக்கு எத்தனை நூறு முறை போயிருப்பார் என்று அவருக்கே தெரியாது. நான் போனது எட்டு முறை, எல்லாம் இந்த ஏழு மாதத்தில், பேருந்தில், ஆஸ்பத்திரி நிறுத்தம் வரை. அங்கேயே இறங்கி அங்கேயே ஏறிவிடுவோம். அங்கிருந்து கடல் ஆறேழு கிலோமீட்டர்தான் என்பது, வாசலில் டீ விற்கும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் படுத்ததிலிருந்து கார் வீட்டு முன்னால் ஒரே இடத்தில் நின்றது. பதினான்கு வருடப் பழைய சின்னக் கார். அதன் மேல் புங்கம்பூ விழுந்து காய்ந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் டிரைவிங் ஸ்கூலில் போய்ப் பெயர் கொடுத்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு நாள் காலை வகுப்பு. உரிமம் கைக்கு வந்து இரண்டு மாதம். ஊருக்குள் ஓட்டிப் பழகியிருந்தேன். நெடுஞ்சாலையில் இதுதான் முதல் முறை.

6.50. செஞ்சி. ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கிவிட்டுப் போனது போன்ற பாறைக் குன்றுகளின் மேல் வெயில் விழுந்திருந்தது. பேருந்தில் போனால் கண்ணுக்குப் படுவது முன்னால் நிற்பவரின் முதுகு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் மொத்த வானமும் தெரிகிறது. இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். சொல்லவில்லை.

திண்டிவனத்தில் டீ. அதைத் தாண்டிப் பதினைந்து கிலோமீட்டர் போயிருப்போம், கிளியனூரை நெருங்கும்போது வண்டி விக்கல் எடுப்பது போல் திக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வேகம் வரவில்லை. ஒரு முறை குலுங்கியது, இரண்டாம் முறை குலுங்கியது, அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி என் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உருண்ட வேகத்தில் ஓரம் கட்டினேன்.

"நான் ஏதாவது தப்பா மிதிச்சுட்டனா?"

"இல்ல. அஞ்சு நிமிஷம் வுடு."

ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது. "என்னங்க அது?" என்று கேட்டேன். "தெர்ல. ஓட்டு" என்றார். மற்ற நாளாக இருந்தால் இந்த மனிதர் பானெட்டைத் திறக்காமல் ஓர் அடி நகர்ந்திருக்க மாட்டார். அன்று இந்த வண்டி யாருடையதோ என்பது போல் உட்கார்ந்திருந்தார்.

9.10. கோரிமேடு. ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சி கொடுக்கும் பெண், ஒரு கிண்ணத்திலிருந்த பத்து மணிகளை வலது கையால் எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொன்னாள். போன முறை நான்கு போட்டார். இந்த முறை ஏழு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் சந்தோஷமாகச் சொன்னேன்.

"ஏழுங்க! போன மாசம் நாலுதான்."

"மணி பொறுக்கி இன்னா பண்ணப் போறேன்" என்றார் அவர்.

11.50. வண்டியை எடுத்து ஊர்ப் பக்கம் திருப்பப் பார்த்தேன். "நேரா போ" என்றார்.

"எங்க?"

"டவுனுக்கு. கடலு பாக்கணும்னியே."

எப்போதோ பேருந்தில் வரும்போது சொன்னது. இவர் காதில் விழுந்தது என்றே எனக்குத் தெரியாது.

ஊருக்குள் நுழைந்ததும் ஸ்கூட்டர்கள் நான்கு பக்கமும் மீன் குஞ்சுகள் மாதிரிப் பாய்ந்தன. இடது, வலது என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு மெஸ்ஸைக் காட்டினார். நான்கு மேசைகள். மீன் சாப்பாடு நூற்று நாற்பது ரூபாய். பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. இவர் இடது கையால் ஸ்பூனை எடுத்ததை அந்த அம்மா பார்த்தாரா என்றுகூட நான் கவனிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் மீனை உதிர்த்து, முள்ளெல்லாம் எடுத்து, இலை ஓரமாக வைத்தார்.

"காலைல தேங்காய்த்திட்டு ஹார்பர்ல எடுத்த மீனு. கொளம்பு ஊத்திக்கோ அண்ணா. சோறு வோணுமா?"

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன நோய், எத்தனை நாளாக, ஒன்றும் இல்லை. இவர் இரண்டு முறை சோறு வாங்கினார்.

1.15. கடற்கரைச் சாலை. உச்சி வெயிலில் கடற்கரைக்குப் போகும் பைத்தியங்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மணல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரை நீளத்துக்கும் கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். அலை அவற்றின் இடுக்கில் புகுந்து வெள்ளையாகத் திரும்பியது. ஒரு கட்டடத்தின் நிழல் விழுந்த சிமெண்ட் திட்டில் உட்கார்ந்தோம். தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"நல்லா கீதுல்ல?" என்றார்.

"நீங்க எத்தன தடவ பாத்திருப்பீங்க!"

"நான் எங்க பாத்தேன். பார்ட்டிய எறக்கி வுட்டுட்டு வண்டி நிறுத்தற எடத்துல போய்த் தூங்குவோம். கால வெளிய நீட்டிக்கிணு. நைட்டு பூரா ஓட்டிட்டு வந்திருப்போம், எவன் கடலு பாப்பான்?" கடலையே பார்த்தபடி சொன்னார்: "இப்பிடி உக்காந்து பாக்கறது இதான் ஃபர்ஸ்ட்டு."

அவர் கையை என் கைக்குள் எடுத்துக்கொண்டேன். வலது கை. எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கிறது அது.

அப்போதுதான் சொன்னார். "செல்வி, வண்டியக் குடுத்துடலாம்னு கீறேன்."

"யாருக்கு?"

"நம்ம மரியதாஸுக்கு. முத்தியால்பேட்டைல கீறான். என்கூட வேன் ஓட்டனான்ல? அவன்தான். மூணு மணிக்கு வரேன்னு சொல்லிக்கீறேன். குடுத்துட்டு பஸ்ல போயிடலாம்."

"இன்னைக்கேவா?"

"நானும் ஓட்டப் போறதில்ல. நின்னு நின்னு வீணாப் போவுது. உனக்கும் எதுக்கு இந்தப் பாரம். வேலைக்கும் போயி, எனக்கும் செஞ்சி, டிரைவர் வேலையும் பாக்கணுமா?"

ஏழு மாதமாக அவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், குளிப்பாட்டியிருக்கிறேன். கோபப்படும்போது பொறுத்துப் பழகிவிட்டேன். 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தைப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. "சரிங்க" என்றேன்.

எழுந்து நடக்கும்போது அவரே சொன்னார்: "போற வழியில பங்க்குல நிறுத்து. ஃபுல் பண்ணிடலாம்."

"விக்கற வண்டிக்கு எதுக்குப் பெட்ரோல்?"

"காலி டேங்க்கோட ஒருத்தன் கைல சாவி குடுக்கக் கூடாது. அது மொறையில்ல."

2.05. முத்தியால்பேட்டை போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். எங்கள் பக்கத்தைவிடப் புதுச்சேரியில் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவு என்பதால், எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டுதான் எல்லை தாண்டும். நாங்களும் அப்படித்தான் வந்திருந்தோம். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பெட்ரோல் போட வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சுடிதாரின் மேல் நீலச் சட்டை. சட்டையில் லூர்து மேரி என்று எழுதிய பெயர் அட்டை. மூடியைத் திறந்தாள். குழாயைச் செருகினாள். இரண்டு விநாடி ஓடி, 'டக்' என்று தானே நின்றது. திரும்ப அழுத்தினாள். 'டக்'. மூன்றாம் முறை. 'டக்'.

"டேங்க் ஃபுல்லா இருக்குதுக்கா."

"இல்லம்மா, முள்ளு சிவப்புல நிக்குது, பாரு."

எட்டிப் பார்த்தாள். குழாயை வெளியே எடுத்து, திருப்பிப் பிடித்துச் செருகி, இன்னொரு முறை அழுத்தினாள். இம்முறை உள்ளிருந்து பெட்ரோல் எதிர்த்து வந்து காரின் பக்கவாட்டிலும் என் புடவைக் கொசுவத்திலும் தெறித்தது. பின்னால் வரிசை நீண்டது. ஆளுக்கொரு யோசனை வந்தது. முழுக்கச் செருகாதே, பாதியிலேயே பிடி. வேறு பம்ப்பில் போடு. மெதுவாக விடு. லூர்து எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். விளக்குக்கு எண்ணெய் விடுவது போல் சொட்டுச் சொட்டாகக்கூட விட்டுப் பார்த்தாள். மீட்டர் ஒன்றரை லிட்டரைத் தாண்டவில்லை. அலுவலக அறையிலிருந்து மேனேஜர் கையாட்டினார்: வண்டியை ஓரம் கட்டுங்கள்.

எனக்கு அழுகை முட்டியது. வழி முழுக்க ஓட்டி வந்துவிட்டு, இத்தனை பேர் நடுவில், பெட்ரோல் நாற்றத்தோடு. அப்போது முன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, இறங்கி வந்தார்.

"எம்மா," என்று லூர்துவைக் கேட்டார், "மூடியத் தொறக்கறப்ப சத்தம் வந்துச்சா?"

"ஆமாண்ணா. புஸ்ஸுன்னுச்சு, சோடா மாரி."

"வெளிய தள்ளிச்சா, உள்ள இழுத்துச்சா?"

அவள் யோசித்தாள். "உள்ளதான் இழுத்துது. மூடி ஒட்டிக்கிணு வரவே இல்ல. நெம்பித்தான் எடுத்தேன்."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எப்படிச் சொல்வது? வீட்டில் கரண்ட் வந்ததும் எல்லா அறைகளும் இருந்த இடத்துக்குத் திரும்புமே, அந்த மாதிரி.

"கிளியனூர்ல நின்னதும் இதனாலதான்" என்றார் என்னிடம். "தள்ளு, தள்ளு. ஸ்டார்ட் பண்ணாத. தள்ளியே ஓரம் கொண்டா."

நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, லூர்துவும் வரிசையில் நின்ற இரண்டு பேரும் தள்ள, கார் பம்ப்புகளைத் தாண்டி, சுவரோரம் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. லூர்து தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அலுவலக அறை ஃபோனில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். டேங்க்கைக் கழற்றி இறக்க வேண்டியிருக்கும், நாளைக்குக் கொண்டுவந்து விட்டால் இரண்டு நாளில் தருகிறேன் என்றாராம்.

"எறக்கவே வேணாம்" என்றார் இவர். எனக்குப் புரியும்படி சொன்னார். பெட்ரோல் உள்ளே போனால், அங்கே இருக்கும் காற்று வெளியே வர வேண்டும். ஓட்ட ஓட்டப் பெட்ரோல் குறைந்தால், அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, டேங்க்கின் காற்றுக் குழாய். அது அடைத்திருக்கிறது. காற்று வராததால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இழுபடவில்லை. ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓட்டியபோது இது தெரியவில்லை. காற்று போகாததால் பங்க்கில் பெட்ரோல் எதிர்க்கிறது.

"அப்ப அத எடுத்தா சரியாயிடுமா?"

"ஆயிடும். பின் சக்கரத்துக்கு மேல, உள்பக்கமா, கைக்கு எட்டற மாரி ஒரு ரப்பர் ட்யூப்பு வாய் இருக்கும்." குனியப் பார்த்தார். இடது கையால் காரைப் பிடித்தார், முட்டி மடங்கவில்லை. இரண்டாம் முறை முயன்றார். பிறகு நிமிர்ந்து, காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "மரியதாஸுக்கு ஃபோனு போடு. இன்னைக்கு வாணாம்னு சொல்லிடு. கோளாறு வண்டிய நான் தள்ளிவுட மாட்டேன்."

ஃபோனை எடுத்துக்கொண்டு, இவர் காதில் விழாமல் பங்க்குக்கு வெளியே போனேன். மரியதாஸிடம் நாங்கள் நிற்கும் இடத்தையும் விஷயத்தையும் மட்டும் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன்.

"இன்னா பண்ற?"

"நான் போறேன் கீழ. நீங்க சொல்லுங்க."

"ஏய், புடவையோடவா? சைலன்சர் சூடு பட்டுடும்."

"வந்து நின்னு எவ்ளோ நேரமாச்சு. ஆறியிருக்கும்."

லூர்து ஓடிப்போய் ஒரு பழைய ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து விரித்தாள். யாரோ ஒரு மணமக்கள் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் புதுமணத் தம்பதியின் முகத்தின் மேல் மல்லாந்து படுத்து, பின் சக்கரத்தின் ஓரமாகத் தலையை உள்ளே விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. இருட்டும் சேறும்.

"ஃபோன்ல லைட்டு அடிக்கட்டா?" என்று கத்தினேன்.

"ஐயோ, இங்க ஃபோன வெளிய எடுக்கக் கூடாதுக்கா!" என்றாள் லூர்து. பிறகு தன் கைப்பையைத் துழாவி, பவுடர் போடும்போது பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்தாள். இவர் அதை இடது கையில் வாங்கி, வெயில் பக்கம் நகர்ந்து, சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் ஒரு வட்டமாகத் தரையில் ஓடி, சக்கரத்தில் ஏறி, என் முகத்தில் அடித்து, கடைசியில் சரியான இடத்தில் வந்து நின்றது.

"பாத்தியா? சுண்டுவிரல் தடிமன்ல."

பார்த்தேன். கறுப்பு ரப்பர் குழாய். அதன் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மண். வீட்டுச் சுவர் மூலையில், ஜன்னல் சட்டத்தில் எத்தனையோ முறை தட்டிவிட்டிருக்கிறேன், அதே மண்.

"குளவிக் கூடு!" என்றேன்.

மேலே அவர் சிரிக்கும் சத்தம். ஏழு மாதத்தில் முதல் முறை. "சும்மா நின்ன வண்டிதான? எடம் காலியா இருக்குதுன்னு ஊடு கட்டிடுச்சு. குளவி உள்ள கீதா பாரு, கொட்டிடப் போவுது."

"ஓட்டை போட்டு எப்பவோ பறந்துடுச்சு. காஞ்சி கெடக்கு."

லூர்து ஒரு கம்பியைக் கொண்டுவந்தாள். "இரும்பு வாணாம், பெட்ரோல் ஓடற எடம்" என்று அவர் தடுத்தார். "தொடப்பத்துலருந்து ஈர்க்குச்சி நாலு உருவிக்கிணு வா. கிண்ணத்துல தண்ணி."

அடுத்த இருபது நிமிடம் நான் செய்தது அவர் சொன்னதை மட்டும். ட்யூப்பைக் கிளிப்பிலிருந்து விடுவி. வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பிடி. குச்சியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு ஓரத்தில் குத்து. "உள்ள தள்ளாத, செல்வி. உள்ள போச்சுன்னா டேங்க்க எறக்கித்தான் ஆவணும். வெளிய இழு. அவசரப்படாத. ஒருத்தரும் தொரத்தல." அவர் குரல் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூன்று குச்சிகள் ஒடிந்தன. மண் கரைந்து மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை வந்தது. குளவி தன் குஞ்சுக்கென்று அடைத்து வைத்திருந்த இரண்டு காய்ந்த சிலந்திகள் என் கழுத்தில் விழுந்தன. கண்ணாடி வெளிச்சம் எப்போதாவது நடுங்கும், கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பேன், திரும்ப நேராகும்.

நான்காவது குச்சியில் ஒரு கட்டி முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. கூடவே ட்யூப்பிலிருந்து என் விரலில் ஜில்லென்று ஒரு காற்று.

"வந்துடுச்சுங்க! காத்து வருது!"

"பெட்ரோல் வாசன வருதா?"

"வருது!"

"அப்ப வெளிய வா."

ஊர்ந்து வெளியே வந்தபோது என் எதிரில் நான்கு கால்கள் நின்றன. இரண்டு இவருடையவை. மற்ற இரண்டும் மரியதாஸுடையவை. எப்போது வந்தார் என்று தெரியாது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு நின்றார். குட்டையான மனிதர், நரைத்த மீசை. வெள்ளைக்காரர்களை வேனில் சுற்றிக் காட்டிய நாள்களின் பழக்கம் போகவில்லை.

"போன்ழூர் அண்ணி" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "ஐயையோ" என்றார்.

லூர்து சோப்புத்தூளும் தண்ணீரும் கொடுத்தாள். கழுவக் கழுவக் கறுப்பு போகவில்லை. காரைத் திரும்பப் பம்ப்புக்குத் தள்ளிக்கொண்டு போனோம். லூர்து குழாயைச் செருகினாள். நான்கு பேரும் மீட்டரைப் பார்த்தோம். ஒன்று. இரண்டு. ஐந்து. பத்து. 'டக்' என்ற சத்தமே இல்லை. இவர் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதைத் தாண்டித்தான் அது நின்றது, நிற்க வேண்டிய இடத்தில்.

"ஃபுல்லு" என்றாள் லூர்து, தானே பழுது பார்த்தவள் போல.

வண்டியை நிழலில் நிறுத்தினோம். மரியதாஸ் உறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். இவர் என்னைப் பார்க்காமல், "பேனா கீதா?" என்றார்.

"உன் கையெழுத்து எதுக்குடா? ஆர்.சி. அண்ணி பேர்லதான கீது" என்றார் மரியதாஸ். அது உண்மை. என் அலுவலகக் கடனில் வாங்கிய கார். மரியதாஸ் என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து நீங்கதான் போடணும் அண்ணி. உங்களக் கேட்டானா இவன்?"

நான் என் நகங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு.

"சொன்னாரு" என்றேன்.

"சொன்னான். சரி. கேட்டானா?"

லூர்து அங்கேயே நின்றாள், போக வேண்டிய வேலை இருந்தும். மத்தியானம் கடற்கரையில் சொல்லாமல் விட்டது அப்போதுதான் வெளியே வந்தது.

"எனக்கு ஓட்டப் புடிச்சிருக்குங்க" என்றேன் இவரிடம். "நெசமா சொல்றேன். உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவத்தான் கத்துக்கிட்டேன். ஆனா மூணாம் நாளோ நாலாம் நாளோ, நானாவே மூணாவது கியர் போட்டேன் பாருங்க, அன்னைலருந்து எனக்காகத்தான் போனேன். நூலகத்துல உக்காந்திருக்கும்போதுகூடக் கால் கிளட்ச்சத் தேடுது. காலைல செஞ்சி மலையப் பாத்தப்போ உங்ககிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. இத்தன வருசம் நீங்க இதையெல்லாம் முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் போனீங்களான்னு கேக்கணும்னு இருந்துச்சு."

"உனக்குப் பாரம்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"நீங்க கேக்கவே இல்லியே."

"நீயும் சொல்லவே இல்லியே."

மரியதாஸ் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எனக்குக் காரே வோணாம்டா. ஃபோன்ல நீ பேசின கொரலக் கேட்டுட்டு, வாணாம்னு சொல்ல மனசு வரல, அதான் சரின்னேன்" என்றார். "டீ சாப்டலாம் வா." டீக்கடையில் இருவரும் அரைமணி நேரம் பழைய வேன்களைத் திட்டினார்கள். எந்த வேனின் டேங்க்கில் எந்த ஊரில் எலி குட்டி போட்டது என்றெல்லாம் பேச்சு. இவர் இவ்வளவு பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது. நடுநடுவே என் பக்கம் கைகாட்டி, "உள்ள தள்ளாம இழுத்தா பாரு, மெக்கானிக்கு பண்ண மாட்டான்" என்று மரியதாஸிடம் மூன்று முறை சொன்னார்.

4.20. கிளம்பும்போது லூர்து ஓடிவந்தாள். கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மறந்து இவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"அடுத்த தபா வந்தா இங்கியே போடுங்கக்கா" என்றாள்.

"வருவோம்" என்றார் இவர், நான் சொல்வதற்கு முன்.

கோரிமேட்டு எல்லையைத் தாண்டினோம். வழக்கமாகப் பேருந்தில் இந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு ஒரு பெருமூச்சு வரும்: அடுத்த மாதம் வரை இந்தப் பக்கம் வர வேண்டாம். எட்டு முறையும் நான் பார்த்துவிட்டுத் திரும்பிய புதுச்சேரி, மருந்து வாசனையும் டோக்கன் எண்ணும் மட்டுமே. அன்று வேறொரு ஊரை விட்டுப் போகிறேன் என்று தோன்றியது. அங்கே கேட்காமலே முள் எடுத்துக் கொடுக்கும் ஒரு கை இருக்கிறது. எங்கள் ஊரிலும் அப்படி இருக்கத்தான் செய்யும். ஊரில் இருக்கும்போது யார் பார்க்கிறோம்?

கிளியனூர் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். வண்டி ஒரு முறைகூடத் திக்கவில்லை. திண்டிவனம் வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், மேடு ஏறும்போது எப்போது கியரைக் குறைக்க வேண்டும். பிறகு பேச்சு குறைந்தது. செஞ்சிக்குப் பத்துக் கிலோமீட்டர் இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வலது கை மடியில் விரிந்து கிடந்தது.

தூங்கிவிட்டார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில், வேறொருவர் ஓட்டும் வண்டியில் இவர் கண்மூடி நான் பார்த்ததில்லை. இரவுப் பேருந்தில்கூட ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டு விழித்திருப்பார்.

சாலையின் இரு பக்கமும் அறுத்த வயல்கள். பாறைகளின் மேல் வெயில் சிவந்து வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் முன் வேகத்தடை. தூரத்திலேயே காலை எடுத்தேன். மூன்றாவது கியர், அப்புறம் இரண்டாவது. பின்னால் வந்த பேருந்து பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று, முன் சக்கரங்களை மெல்ல ஏற்றி இறக்கினேன், பின் சக்கரங்களை அதைவிட மெல்ல.

அவர் விழிக்கவில்லை.